மறு: மறு: பக்கிளிங்குக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

கிளமெண்டியிலிருந்து:
வணக்கம். கடல்மேடை எஃகுத் தகடுகளின் வலிமை பற்றிய பன்னாட்டுக் கூட்டாய்வின் சுருக்கம், சிங்கப்பூர் யார்டில் (கப்பல் கட்டும் தளத்தில்) வேலை பார்க்கும் தமிழர்களுக்காக இரண்டு பக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தகைவு (ஸ்ட்ரெஸ்), திரிபு (ஸ்ட்ரெயின்) எல்லாம் கையில் இருக்கின்றன, முட்டுவது ‘பக்கிளிங்’. ‘வளைவு’ என்றால் பெண்டிங் ஆகிவிடும். அதில் சுமை தகட்டின் முகத்தில் விழும். இதில் விளிம்பை அமுக்க, தகடு பக்கவாட்டில் விலகும்.

ஈசூனிலிருந்து:
நுடங்கல். கொடி நுடங்கும், இடை நுடங்கும். முடங்கு, மடங்கு, நுடங்கு மூன்றையும் அடுக்கிப் பாருங்கள், குடும்பம் தெரியும். ‘ஒசிவு’ம் உண்டு, ஆனால் அதில் முறிவின் வாடை. முறிவுக்கு ‘இறு’ இருக்கிறதே! ‘இறுதி வலிமை’யில் (தகடு தாங்கும் உச்ச அளவு) இருப்பதும் அதே வேர்தான். குறள் 475இல் ‘அச்சிறும்’, அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். அதிகாரத்தின் பெயரே வலியறிதல்.

ஜூரோங்கிலிருந்து:
ஐயா, குறளில் இறுவது அச்சு. தகடு நுடங்கினால் இறாது, சங்கதியே அதுதான். ஸ்டிஃப்னர் (தகட்டை விறைப்பாக்கும் பட்டை) இடைவெளி 600 மி.மீ., தகடு 10 மி.மீ.; வகுத்தால் 60. ஓரங்கள் திரும்பத் தடையில்லை என்று கொண்டால், பிரையன் 1891இல் தந்த சூத்திரப்படி சுமார் 207 மெகாபாஸ்கல் தகைவிலேயே விலகத் தொடங்கும். எஃகின் யீல்டோ (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் தகைவு) 355. அதற்குப் பிறகும் நடுப்பகுதி ஒதுங்கிக்கொள்ள, ஓரப் பட்டைகள் சுமையை வாங்கும். 15 மி.மீ. போட்டால் அதே சூத்திரம் 465 காட்டும். யீல்டைத் தாண்டிவிட்டதால் அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஆகவே ‘விழுந்தது’ என்று ஒலிக்கும் சொல் வேண்டாம். ‘நெளிவு’ போடுங்கள், எல்லாருக்கும் புரியும்.

உட்லண்ட்ஸிலிருந்து:
புரிவதுதான் ஆபத்து. ‘பிளேட் நெளிஞ்சிருச்சு’ என்றால் யார்டில் வெல்டிங் சூட்டில் வந்ததைச் சொல்கிறார்கள். ஜூரோங் அண்ணன் சொன்ன 10 மி.மீ. தகட்டுக்கே ஸ்மித் குழுவின் 1988 வாய்பாட்டில், சராசரி நிலைக்கு, இந்த விலகல் சுமார் 6 மி.மீ. வரும். சுமை ஏறுமுன்பே இருப்பது அது. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ‘6 மி.மீ. நெளிந்த தகடு சீக்கிரம் நெளியும்’ என்று அச்சாகும். கூட்டாய்வின் தலைவலியும் இங்கேதான். ஸ்டிஃப்னர் வைத்த ஒரே தகட்டுப் பேனலைப் பல நாட்டுக் குழுக்கள் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிட்டால், தொடக்க விலகலின் உருவத்தையும் ஓரப் பிடிப்பையும் அவரவர் எடுத்துக்கொண்ட விதத்தில் விடை பிரிகிறது. நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு என்றால் சுமையில் மாறிமாறி மூன்று அரை அலை எழும். வெல்டிங்கில் வருவதோ பெரும்பாலும் ஒரே பக்கக் குழிவு, வெளியிலிருந்து பார்த்தால் விலா எலும்பு. ஆங்கிலத்தில் அதைப் ‘பசித்த குதிரை’ என்பார்கள். நமக்குப் பட்டினி மாடு.

ஈசூனிலிருந்து:
மாட்டை விடுங்கள். இரண்டு சொல் வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வெல்டிங்குக்கு நெளிவு, சுமைக்கு நுடங்கல். வழக்கு முடிந்தது.

தெக்காவிலிருந்து:
அதே ரயில்தான், செய்தியில் ‘பெருவிரைவு ரயில்’, பிளாட்பாரத்தில் எல்லாருக்கும் ‘எம்ஆர்டி’. பக்கிளிங்கைப் பக்கிளிங் என்றே விட்டால் என்ன? ‘நுடங்கல் தகைவு’ என்று ஒரு வெல்டரிடம் நீட்டினால் என்ன நினைப்பார்?

ஜூரோங்கிலிருந்து:
நெளிவுக்கே என் வாக்கு. வெல்டிங்கால் வருவதைக் ‘கோணல்’ என்று பிரித்துக்கொள்ளலாம். ‘நெளிவுத் தகைவு’, ஒற்று மிகும்.

கிளமெண்டியிலிருந்து:
நேரமில்லை. சுமையால் வருவது நெளிவு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் பக்கிளிங். வெல்டிங்கால் வருவது கோணல். இறுதி வலிமை அப்படியே. நுடங்கலுக்கு ஓர் அடிக்குறிப்பு.

ஈசூனிலிருந்து:
நேர் தவறினால் கோணல். 6 மி.மீ. குழிந்திருப்பது எப்படி ஐயா கோணல் ஆகும்?