வல்லை வெளியில் கண்ட செங்கல் நிற உள்ளான் பறவை எது?

அண்ணைமார், அக்காமார், ஒரு உதவி வேண்டும். ஆவணி பிறந்ததிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் யாழ்ப்பாணத்து வல்லைப் பாலத்தடியில் சைக்கிளை நிறுத்திப் பறவை பார்க்கிறேன். களப்பு வற்றி, ஓரமெல்லாம் உப்புப் பூத்து, சேறு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. நடுவில் மிஞ்சிய தண்ணீரில்தான் எல்லாம் கூடி நிற்கின்றன. பவளக்கால் உள்ளானைக் காலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கரண்டிவாயனும் சரி, அது சொண்டைத் தண்ணீருக்குள் விட்டு இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி அலசுவதைக் கண்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும்.

சிக்கல் சின்ன உள்ளான்களில்தான். நேற்று பத்துப் பன்னிரண்டு நின்றன, கொசு உள்ளானை விடப் பெரிது, கறுத்த சொண்டு நீண்டு கீழே வளைந்திருந்தது, இரண்டுக்கு மட்டும் வயிறு செங்கல் நிறம், மற்றவை சாம்பல். எழும்பிப் பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளை தெரிந்தது. வளைமூக்கு உள்ளானாக இருக்குமோ? அது சைபீரியாவில் குஞ்சு பொரித்துவிட்டு வருவது, முதலில் வந்து சேரும் வளர்ந்த பறவைகளில் அந்தச் சிவப்பு முழுதாகப் போயிருக்காது. ஆனால் எட்டு மணிக்கே கானல் எழும்பிவிடுகிறது, என் பழைய தொலைநோக்கியை நம்பி அடித்துச் சொல்ல முடியவில்லை. கைப்பேசிப் படத்தில் வெறும் புள்ளிதான்.

இன்னொன்று, சேற்றில் நாய்க்காலை விட ஒடுங்கிய தடம், ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் போகிறது. நரியா? ஊர் நாய்களும் அங்கே திரிகின்றன, அதுதான் குழப்பம்.

ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் பெரிய தொலைநோக்கி) வைத்திருப்பவர்கள் யாராவது ஞாயிறு விடிய வர முடியுமா? தேத்தண்ணி என் செலவு.