ஒரே அதிகாரத்தில் "மனஸ்தாபப்பட்டார்", "மனஸ்தாபப்படுகிறதில்லை": வகுப்பில் மாட்டிக்கொண்டேன்

கரும்பலகை:

ஞாயிறு பள்ளியில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இறையியல் படித்தவள் இல்லை. வேறு ஆள் கிடைக்காததால் ஒன்பது வருடமாக நான்தான்.

போன வாரப் பாடம் தேவனுடைய பண்புகள். பலகையில் வரிசையாக எழுதினேன்: சர்வவல்லவர், சர்வஞானி, எங்கும் நிறைந்தவர், நித்தியர், பரிசுத்தர், நீதியுள்ளவர், அன்புள்ளவர், மாறாதவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம். "மாறாதவர்" என்பதற்கு மல்கியா 3:6, யாக்கோபு 1:17, அப்புறம் இதுவும் இருக்கட்டுமே என்று 1 சாமுவேல் 15:29. "மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல" என்று சத்தமாக வாசித்தும் காட்டினேன். மனஸ்தாபம் என்றால் இங்கே செய்ததை நினைத்து வருந்தி மனம் மாறுவது.

கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண், வேதாகமத்தில் இரண்டு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு எழுந்தாள். "அக்கா, அதே அதிகாரத்தில் 11ஆம் வசனத்தில், சவுலை ராஜாவாக்கினது எனக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்று கர்த்தரே சொல்கிறார். 35லயும் அப்படித்தான் இருக்கு. எது சரி?" (சவுல் இஸ்ரவேலின் முதல் ராஜா. அவன் சொல்பேச்சு கேட்காததால் கர்த்தர் அவனைத் தள்ளிவிட்டார் என்று தீர்க்கதரிசி சாமுவேல் அவனிடம் சொல்கிற அதிகாரம் அது.)

"அடுத்த வாரம் சொல்கிறேன்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

சபையில் ஒரு மூப்பரிடம் கேட்டேன். "11 மனுஷர் புரிந்துகொள்வதற்காகச் சொன்னது, 29தான் உண்மை நிலை" என்றார். சரி, ஆனால் 11இல் பேசுவது கர்த்தர், 29இல் பேசுவது சாமுவேல். கர்த்தர் தம் வாயால் சொன்னதை "சும்மா பேச்சு வழக்கு" என்று ஒதுக்கிவிட்டு, தீர்க்கதரிசி சொன்னதை மட்டும் நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்றும் இருக்கிறது, மறைப்பானேன். அம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் ராத்திரி ராத்திரி முழங்காலில் இருந்தேன். அம்மா போய்விட்டார்கள். அடக்க ஆராதனையில் "நம் தேவன் மாறாதவர்" என்று பிரசங்கித்தார்கள். அது எனக்கு ஆறுதலாகவே இல்லை. வரிசையில் நின்று நின்று நம் முறை வரும்போது "நேரம் முடிந்தது" என்று பலகையைத் திருப்பி வைப்பார்களே, அப்படி இருந்தது. மாறவே மாட்டார் என்றால் கேட்டு என்ன ஆகப்போகிறது? பிள்ளைக்குப் பதில் தேடுகிறேனா எனக்கே தேடுகிறேனா என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓரக்குறிப்பு:

அந்தப் பிள்ளைக்கு என் வணக்கம். பெரியவர்களே அந்த அதிகாரத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்பில் வந்த கோளாறு என்று தப்பிக்க வழியில்லை. எபிரெயத்திலும் மூன்று இடத்திலும் ஒரே சொல், நாஹம். (நாகம் என்று எழுதினால் பாம்பாகிவிடும்.) வருந்துவது, மனமிரங்குவது, எண்ணிய தீங்கை விட்டுவிடுவது எல்லாம் அதற்குள் அடங்கும். ஏசாயா 40இல் "ஆற்றுங்கள், தேற்றுங்கள்" என்று வருவதும் இதே வேர்தான். 35 வசனமுள்ள ஓர் அதிகாரத்தில் முதலில் ஆம், நடுவில் இல்லை, கடைசி வசனத்தில் மறுபடி ஆம் என்று எழுதியவர் கவனக்குறைவாக எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. இரண்டையும் நாம் கையில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்.

29ஐ அது நிற்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள். அதற்கு இரண்டு வசனம் முன்னால் சாமுவேல் போகத் திரும்புகிறார், சவுல் அவருடைய சால்வையின் தொங்கலைப் பிடிக்கிறான், அது கிழிகிறது. ராஜ்யமும் இப்படித்தான் உன்னிடமிருந்து கிழிக்கப்பட்டது என்கிறார். அப்புறம்தான் "மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல". ஜனங்களுக்கு முன்னால் மானம் போகாமல் இருக்க வேண்டும் என்று துணியைப் பிடித்து இழுக்கிறவனுக்குச் சொன்ன பதில் அது. எண்ணாகமம் 23:19இலும் கிட்டத்தட்ட இதே வாக்கியம் வரும். அங்கே மோவாபின் ராஜா பாலாக், இஸ்ரவேலுக்கு எதிராகக் கூலி பேசிச் சாபம் வாங்கப் பார்க்கிறான். இரண்டு இடத்திலும் விஷயம் ஒன்றுதான்: இவரை வளைக்க முடியாது, வாங்க முடியாது.

அப்புறம் யோனா 4:2 பாருங்கள். நினிவே நகரத்தை எச்சரிக்க அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனா. நகரம் திருந்தியதும் கர்த்தர் அதை அழிக்காமல் விட்டார், அதுதான் அவனுக்குக் கோபம். யாத்திராகமம் 34இல் கர்த்தர் தம்மைப் பற்றிச் சொன்ன வரிசை உங்கள் பலகைக்கும் முந்திய பலகை: இரக்கம், கிருபை, நீடிய சாந்தம், மகா தயை. யோனா அதை அப்படியே ஒப்பிக்கிறான். புகழ்வதற்காக அல்ல, எரிச்சலில். ஒப்பித்துவிட்டுக் கடைசியில் "தீங்குக்கு மனஸ்தாபப்படுகிறவர்" என்று ஒன்றைச் சேர்க்கிறான். யோவேல் 2:13இலும் இதே சேர்க்கை உண்டு. அதாவது மனமிரங்குவது அவருடைய குணங்களின் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. நினிவே திரும்பினால் அவர் இரங்குவார் என்பது அவர் மாறாதவர் என்பதால்தான் யோனாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. கப்பலேறி ஓடினதும் அதனால்தான்.

விசுவாசி77:

சிஸ்டர், இதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு எதற்கு? வசனத்தை விசுவாசிக்கச் சொல்லுங்கள். ஆராய்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

கரும்பலகை:

பிரதர், அவள் வசனத்தை விசுவாசித்ததால்தான் இந்தக் கேள்வியே வந்தது. இரண்டு வசனத்தையும் விசுவாசித்தாள். நான் ஒன்றைத்தான் எழுதிப் போட்டிருந்தேன்.

தத்துவ மாணவன்:

நான் கத்தோலிக்கன், சொற்கள் கொஞ்சம் வேறாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தோன்றுவது, சிக்கல் உங்கள் எட்டுச் சொற்களில் இல்லை. அவற்றைத் தனித்தனி வரியாக எழுதியதில் இருக்கிறது.

மனிதனை அப்படி எழுதலாம். நான் கோபக்காரன், கொஞ்சம் நேர்மையானவன், சோம்பேறி. நாளைக்குச் சோம்பல் போனாலும் நான் நானாகவே இருப்பேன். கடவுளிடம் பண்புகள் அப்படி ஒட்டிக்கொண்டிருப்பவை அல்ல என்பது பழைய திருச்சபையின் போதனை. 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் தம் பெருநூலில் கடவுள் இருக்கிறாரா என்று கேட்டு முடித்ததும் அடுத்ததாக எடுப்பது இதைத்தான்: கடவுளிடம் பகுதிகள் இல்லை. அன்பு ஒரு பக்கம், நீதி ஒரு பக்கம், நடுவில் இழுபறி என்பதெல்லாம் கிடையாது. அவருடைய நீதி என்பதே அவருடைய அன்பு, இரண்டும் அவரே. நமக்குத்தான் ஒரே சொல்லில் சொல்ல வாய் போதவில்லை.

மாறாமை பற்றிய கேள்வி அதற்குப் பின்னால்தான் வருகிறது. கல்லும் மாறாமல் கிடக்கும், உயிர் இல்லாததால். கடவுள் மாறாதவர் என்பது நேர் எதிர்: இனிமேல்தான் வந்து சேர வேண்டிய அன்போ உயிரோ அவரிடம் பாக்கி இல்லை. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் (ஆயர்கள் கூடி முடிவெடுக்கும் திருச்சபைப் பேரவை) ஒன்று சொன்னது: படைத்தவருக்கும் படைப்புக்கும் எந்த ஒப்புமை சொன்னாலும் அதைவிடப் பெரிய வேற்றுமை அதிலேயே இருக்கிறது. ஆக "வருந்தினார்" என்பதற்கும் "மாறாதவர்" என்பதற்கும் இரண்டுக்குமே இந்த எச்சரிக்கை பொருந்தும். உங்கள் மூப்பர் அதை ஒரு வசனத்துக்கு மட்டும் போட்டுவிட்டார், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு வேண்டுமானால் அந்தப் பழைய உவமையைச் சொல்லலாம்: ஒரே வெயிலில் மெழுகு உருகும், களிமண் இறுகும். வெயில் மாறவில்லை.

பின்கட்டில்:

மருத்துவமனையில் நோயாளிகளோடு உட்கார்ந்து ஜெபிப்பது என் வேலை. 14 வருடம். மேலே சொன்னது எதையும் மறுக்கவில்லை, அந்த வெயில் உவமையைத் தவிர. வெயிலுக்கு மெழுகு யார் என்று தெரியாது. சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

இங்கிலாந்துத் திருச்சபையின், அதாவது ஆங்கிலிக்கன் சபையின், 1571ஆம் வருடத்து விசுவாசப் பிரமாணங்கள் 39இல் முதலாவதே, தேவனுக்குச் சரீரம் இல்லை, பகுதிகள் இல்லை, உணர்ச்சிவசப்படுதல் இல்லை என்கிறது. படித்தபோது எனக்கும் கசந்தது. பிறகுதான் அந்தக் கடைசிச் சொல்லின் பழைய அர்த்தம் புரிந்தது: வெளியிலிருந்து ஒன்று வந்து ஆளை அடித்துச் சாய்ப்பது. எனக்குத் தூக்கம் இல்லாவிட்டால் பொறுமை போய்விடும். அவருக்கு அப்படி எதுவும் போகாது. இரக்கமே இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. ஜெர்மானிய இறையியலாளர் யூர்கன் மோல்ட்மன் இரண்டாம் உலகப் போரில் கைதியாக இருந்து விசுவாசத்துக்கு வந்தவர். துன்பப்பட முடியாத தேவனால் அன்பு செலுத்தவும் முடியாது என்று 1972இல் எழுதினார். சிலுவையைப் பார்த்துப் பேசினவர், லேசில் தள்ள முடியாது. ஆனால் என் அனுபவம் ஒன்று: கிணற்றில் விழுந்தவனுக்குக் கூடவே குதித்து அழுகிற ஆள் மட்டும் போதாது, மேலே கயிற்றைப் பிடித்திருக்கிற ஆளும் வேண்டும். இரண்டும் ஒருவரே என்றுதான் 451இல் கல்சிதோன் சங்கம் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லப் பார்த்தது, மெய்யான தேவன், மெய்யான மனுஷன் என்று.

சகோதரி, உங்கள் ஏழு மாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. யோவான் 11ஐ மட்டும் திரும்ப வாசியுங்கள். இறந்துபோன நண்பன் லாசருவை எழுப்பப் போகிறேன் என்று இயேசு கிளம்பும்போதே சொல்லிவிட்டார். முடிவு தெரியும். அப்படியும் கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். முடிவு தெரிந்தவர் அழ மாட்டார் என்று நாமாக முடிவு கட்டிவிட்டோம். சவுல் விஷயத்தையும் நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

கரும்பலகை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று வகுப்பு முடிந்தது, எழுதிவிடுகிறேன்.

லாத்தரன், கல்சிதோன் எதையும் நான் தொடவில்லை. 15ஆம் அதிகாரத்தை ஆள் ஆளுக்குப் பிரித்துக் கொடுத்து நாடகம் போல வாசிக்க வைத்தேன். சாமுவேல் பங்கு அந்தப் பெண்ணுக்கு. சவுலாக வாசித்த பையன் அவளுடைய துப்பட்டாவின் நுனியை நிஜமாகவே பிடித்து இழுத்துவிட்டான், பெரிய ரகளை.

29ஐ அவள் கண்டிப்பான குரலில் வாசித்தாள். அப்புறம் தானாகவே 11க்குத் திரும்பிப் போனாள். "அக்கா, இங்கே சாமுவேல் ராத்திரி முழுக்க கர்த்தரை நோக்கிக் கூப்பிட்டார் என்று இருக்கே. சவுலுக்காகவா?" ஆமாம் என்றேன். "அப்போ 29ஐ அவர் கோபமாகச் சொல்லியிருக்க மாட்டார். ராத்திரி முழுக்கக் கேட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் சொல்கிறார்." மறுபடி வாசிக்கட்டுமா என்று கேட்டாள். இந்த முறை மெதுவாக வாசித்தாள்.

ஒன்பது வருடத்தில் அந்த வசனத்தை எத்தனை தடவை பலகையில் எழுதியிருப்பேன். அதைச் சொன்னவர் முந்தின ராத்திரி தூங்கவில்லை என்பது என் கண்ணில் படவே இல்லை.

கர்த்தர் அவருக்கு என்ன பதில் சொன்னார் என்று கேட்டாள். 16ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தைக் காட்டினேன்: சவுலுக்காக எந்தமட்டும் துக்கித்துக்கொண்டிருப்பாய், கொம்பைத் தைலத்தால் நிரப்பிக்கொண்டு வா. அதாவது, அடுத்த ராஜாவை அபிஷேகம் பண்ணப் போ என்று. "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.