ஆபீஸில் 2 சார்ஜர், 11 மின்சார கார்: எப்படிச் சமாளிப்பது?

சக்கரம்:
எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் 22 கிலோவாட் ஏசி சார்ஜர் 2 இருக்கிறது. காலையில் முதலில் வருகிறவர் செருகினால் மாலை கிளம்பும்வரை கார் நகராது, கேட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்பார். குழுவில் தினமும் இதே சண்டைதான். பேட்டரிக்கு நேராக டிசி கொடுத்து வேகமாக ஏற்றுகிற டிசி ஃபாஸ்ட் சார்ஜர் ஒன்று போட்டால் தீருமா என்று நிர்வாகம் கேட்கிறது. வேறு வழி உண்டா?

மூன்றுபேஸ்:
டிசி வேண்டாம். முதலில் அந்த 22-ஐயே உங்கள் கார்கள் இழுக்கிறதா என்று பாருங்கள். ஏசியில் வேகத்தை முடிவு செய்வது காருக்குள் இருந்து ஏசியை பேட்டரிக்கு ஏற்ற டிசியாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜர், அது பெரும்பாலான கார்களில் 7 அல்லது 11 கிலோவாட்தான், மீதித் திறன் சும்மா கிடக்கிறது. ஒருவர் தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வையுங்கள், 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்றால் அவருக்குத் தேவை 6 யூனிட். கார் நிற்பதோ 8 மணி நேரம்! 16 ஆம்ப் பாயிண்டே 2 மணி நேரத்தில் அதைக் கொடுத்துவிடும். 2 சார்ஜருக்கும் இழுத்த மூன்று பேஸ் லைன் பேஸுக்கு 64 ஆம்ப் தாங்கும், அதில் 16 ஆம்ப் சிங்கிள் பேஸ் பாயிண்ட் பேஸுக்கு 4 என்று 12 வரும். ஆளுக்கு ஒன்று. யாரும் காரை நகர்த்தவே வேண்டாம்.

ஃப்யூஸ்போச்சு:
கணக்கு சரி, ஆனால் 16 ஆம்ப் என்றதும் சாதாரண சுவர் பிளக்கை மாட்டிவிடாதீர்கள். கெட்டில் 5 நிமிடம் இழுப்பது வேறு, கார் மணிக்கணக்கில் விடாமல் இழுப்பது வேறு. ஸ்க்ரூ கொஞ்சம் லூஸாக இருந்தால் போதும், சாக்கெட்டின் ஓட்டையைச் சுற்றி முதலில் பழுப்பாகும், அப்புறம் பிளாஸ்டிக் இளகி பிளக்கைக் கழற்றவே முடியாது. நான் பார்த்திருக்கிறேன், அதோடு சுருட்டிய எக்ஸ்டென்ஷன் கேபிள் வேறு. ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனி லைன், தனி எம்சிபி (லோடு மீறினால் விழும் சுவிட்ச்), மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம். முடிந்தால் டைப் 2 (கார் சார்ஜிங்குக்கான பிளக் வகை) பாக்ஸே வாங்கி 16 ஆம்புக்கு செட் செய்யுங்கள்.

ரேஞ்ச்பயம்:
எல்லாரும் காலை முதல் மாலைவரை சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களா? நான் ஃபீல்டு வேலை. மதியம் 15 சதவீதத்தில் வந்து, ஒரு மணி நேரத்தில் திரும்பக் கிளம்பணும், 16 ஆம்ப் எனக்கு எதற்கு? ஒரு பெரிய பாயிண்டை எங்களுக்கு விட்டுவையுங்கள். இன்னொன்று, கரண்டை இலவசமாகக் கொடுக்காதீர்கள். இலவசம் என்றால் வீட்டில் யாரும் சார்ஜ் போட மாட்டார்கள், 90 சதவீதத்தில் இருப்பவரும் செருகிவிட்டுப் போவார். கார்டு தேய்த்தால் ஓடுகிற மாதிரி வைத்து, யூனிட்டுக்கு வீட்டுக் கட்டணம் அளவுக்காவது வாங்குங்கள்.

சக்கரம்:
12 பாயிண்ட் யோசனையை எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஒரு பெரியதை வைத்துக்கொண்டால் மற்றவை குறையுமே? அப்புறம், சார்ஜ் முடிந்த காரிலிருந்து நாமே கேபிளைக் கழற்றலாமா?

மூன்றுபேஸ்:
குறையும், அதற்குத்தான் லோடு பேலன்சிங். கார்களுக்குள் ஆம்பைப் பங்கு போட்டு, பெரிய பாயிண்டில் கார் வந்தால் மற்றவற்றைத் தானே இறக்கிக்கொள்ளும். ஒரு காருக்கு 6 ஆம்புக்குக் கீழே போனால் சார்ஜ் நின்றுவிடும், எத்தனை பாயிண்ட் என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள். வாங்கும்போது ஓசிபிபி (எந்தக் கம்பெனி சார்ஜரும் கட்டுப்பாட்டு மென்பொருளோடு பேசும் பொது மொழி) இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நாளைக்கு வேறு கம்பெனி பாக்ஸைச் சேர்ப்பது கஷ்டம். எல்லாம் காலை 9 மணிக்கே ஓட வேண்டாம், ஆபீஸ் ஏர்கண்டிஷனர் லோடும் அப்போதுதான் ஏறும். மாடியில் சோலார் இருந்தால் 11 மணிக்கு மேல் ஆரம்பிக்க டைமர் வையுங்கள்.

கழற்றுவது பற்றி: டைப் 2 பிளக் கார் பக்கம் லாக் ஆகியிருக்கும், பல கார்களில் சொந்தக்காரர் திறந்தால்தான் வரும். சார்ஜ் முடிந்ததும் லாக் விடுகிற செட்டிங் சிலதில் உண்டு, இருப்பவர்கள் அதைப் போட்டு வைக்கட்டும். இழுத்துப் பார்க்காதீர்கள்.

ஃப்யூஸ்போச்சு:
கேபிளைக் கழற்ற சார்ஜரின் சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்துகிற ஆளும் எங்கள் ஆபீஸில் உண்டு. அதற்கும் ஒரு போர்டு எழுதி வையுங்கள்.