மந்தை மொத்தத்தையும் கொல்வதற்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

உயர்நிலை 2 மாணவர்கள் அறிவியல் கண்காட்சிக்கு 1999இல் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பன்றிகளிடமிருந்து மனிதருக்குப் பரவிய நிப்பா கிருமி நோய் பற்றித் தமிழில் பலகை வைக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நோய் பரவாமலிருக்க மந்தையையே கொல்லும் ‘கல்லிங்’ (culling) என்பதைக் ‘களையெடுப்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். விடலாமா?
— ஆசிரியை, செங்காங்

களையெடுப்பு நல்ல தமிழ். ‘பைங்கூழ் களைகட் டதனொடு நேர்’ என்று வள்ளுவர் வாக்கே இருக்கிறது. ஆனால் இங்கே மந்தை முழுதும் போகிறது. எனவே ‘தொறுவழிப்பு’. தொறு என்றால் ஆநிரை. நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்று வரும். தனிக்குறிலை அடுத்த முற்றியலுகரம் ஆதலால், தொறுவோடு ‘அழிப்பு’ சேரும்போது இடையில் வகர உடம்படுமெய்.
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பிடோக்

ஐயா, பிள்ளைகள் அதைத் ‘தொறு, வழிப்பு’ என்று பிரித்துப் படிப்பார்கள். தொறு மாட்டுக்கு உரியது. களிறு என்ற பெயரைத் தொல்காப்பியர் கேழலுக்கும், அதாவது ஆண் பன்றிக்கும், இசைந்தாரே என்பீர்கள். ஆனால் அது அந்தக் காலத்து வழக்கைச் சொன்னது. தொறு இன்று யார் வாயிலும் இல்லை.

களையெடுப்பில்தான் எனக்குப் பெரிய வருத்தம். அந்தக் குறளில் களையாக நிற்பவர், வேந்தன் தண்டிக்கும் கொலையிற் கொடியார். பன்றி என்ன கொடுமை செய்தது? பழந்தின்னி வௌவாலிடமிருந்து அதற்கு வந்த கிருமி அது. களை என்றால் பொறுக்கி எடுப்போம். மலேசியாவில் பொறுக்கவே இல்லை. நோய்ப்பகுதிகளில் 900,000க்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்று புதைத்தார்கள். ‘கழிப்பு’ம் ஆகாது. முட்டை குறைந்த கோழியைப் பண்ணையிலிருந்து கழிப்பது வேறு விஷயம்.

முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், பன்றிகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பன்றிகள் தொலைவுக்குக் கேட்கும்படி குரைத்துக் குரைத்து இருமின; அவற்றோடு பழகியவர்கள் நோயில் விழுந்தார்கள். அங்கே நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சிங்கப்பூரில் நோய் கண்ட 11 பேரும் இறைச்சிக்கூடத்தில் மலேசியப் பன்றிகளைக் கையாண்டவர்கள், ஒருவர் இறந்தார். இறைச்சிக்கூடத்தை மூடி, மலேசியப் பன்றி இறக்குமதியை நிறுத்திய பிறகுதான் இங்கே அடங்கியது. இவ்வளவையும் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு, அந்த இடத்தில் ஒரு தோட்டவேலைச் சொல்லைக் கொடுக்கக் கூடாது. சொல்லுக்குள் கொலை தெரியட்டும். ‘கொன்றழிப்பு’ என்றே போடுங்கள் டீச்சர்.
— மொழிபெயர்ப்பாளர், தோ பாயோ

கொன்றழிப்பு போர்ச்செய்தி மாதிரி இருக்கிறதே. தாத்தா பாட்டிமாரும் கண்காட்சிக்கு வருவார்கள்.
— பெற்றோர், ஈசூன்

வரட்டும். 1999ஐ நேரில் பார்த்தவர்கள் அவர்கள்தான்.
— தோ பாயோ

சரி, கொன்றழிப்புக்கு மூவர், களையெடுப்புக்கு ஒருவர், தொறுவழிப்புக்கு ஐயா. கொன்றழிப்பு என்றே அனுப்புகிறேன். நன்றி.
— செங்காங்

அனுப்புங்கள் அம்மா, தடுக்கவில்லை. என் சொற்றொகுப்பில் தொறுவழிப்பு இருக்கும். அப்புறம், கிருமி வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்ததற்குப் பிள்ளைகள் என்ன சொல் போட்டிருக்கிறார்கள்? ‘தாவல்’ என்றால் நான் ஒப்பமாட்டேன். கிருமிக்கு ஏது கால்?
— பிடோக்