'ஷரெட்': வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ஹட்டன், மொழிபெயர்ப்பாளர்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் கண்டியில் மூன்று நாள் நிகழ்ச்சி ஒன்று. கட்டடக் கலைஞர்கள், மாணவர்கள், இரண்டு தேயிலைத் தோட்டங்களிலிருந்து வரும் குடும்பங்கள் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து, லயத்துக்குப் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) பதிலாக வரப்போகும் வீடுகளை வரையப் போகிறார்கள். சீமெந்தைக் குறைப்பது, கூரைத் தண்ணீரைப் பிடித்து வைப்பது, சரிவை வெட்டாமல் கட்டுவது எல்லாம் பேச்சில் உண்டு. ஆங்கில அறிவித்தலில் இந்த நிகழ்ச்சியை 'ஷரெட்' (charrette) என்று போட்டிருக்கிறார்கள். சிங்களம் தயார். தமிழ் வரி மட்டும் வெறுமையாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சு. 'செயலமர்வு' என்று எழுதலாம்தான். ஆனால் எங்கள் சனத்துக்குச் செயலமர்வு என்றால் யாரோ பேசுவார்கள், நாம் கேட்டுவிட்டு வரவேண்டும் என்று அர்த்தமாகிவிட்டது. 'சஸ்டெய்னபிள்' என்பதற்கு வரும் 'நிலைபேறான' பற்றிக் கேட்கவில்லை, அரச ஆவணங்களில் நிலைத்துவிட்டது, அப்படியே விடுகிறேன்.

பதுளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சிறிய வண்டி என்று பொருள். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் கட்டடக்கலை மாணவர்களின் படங்களைச் சேகரிக்கக் கைவண்டி வருமாம். வண்டி வந்து நிற்கும்வரை வரைந்துகொண்டே இருப்பார்கள். அந்த நெருக்கடி வேலைக்கே வண்டியின் பெயர் வந்துவிட்டது. நம் முன்னோர் சொன்ன 'சாரட்டு வண்டி' இதற்கு உறவுதான். அது ஆங்கிலச் 'சாரியட்'. இரண்டுக்கும் வேர் இலத்தீன் 'கர்ருஸ்'.

சரி, வண்டியை விடுவோம். கூடி ஆராய்ந்து முடிவெடுப்பதற்குத் தமிழில் 'சூழ்தல்' இருக்கிறது. 'சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்' என்கிறது குறள். 'மனைச்சூழ்ச்சி' என்று வைக்கலாம்.

நுவரெலியா, ஆசிரியை:

சேர், மன்னிக்க வேண்டும். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக் களத்தில் 'மனைச்சூழ்ச்சிக்கு வாருங்கள்' என்று ஒட்டினால், வீட்டைப் பறிக்கச் சதி என்றுதான் வாசிப்பார்கள். காணி உறுதி இல்லாமல் தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள். வள்ளுவர் காலத்துப் பொருளை விளக்க அங்கே யாரும் நிற்கப் போவதில்லை.

பதுளை:

டீச்சர் சொல்வது நியாயம், விட்டுவிடுகிறேன். அப்படியானால் நெடுநல்வாடைக்குப் போவோம். 'நூலறி புலவர் நுண்ணிதிற் கயிறிட்டு' அரண்மனைக்கு 'மனைவகுத்த' இடம் அது. கயிறு பிடித்து, திசை பார்த்து, வகுக்கிறார்கள். நாம் 'வடிவமைப்பு' என்று சுற்றிச் சொல்வதைச் சங்கப் புலவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். 'மனைவகுப்பு'.

நுவரெலியா:

வகுப்பு என்றால் என் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பா ஆறாம் வகுப்பா என்பார்கள் சேர்.

கண்டி, கட்டடக் கலைஞர்:

எனக்கு வேறு தயக்கம். நெடுநல்வாடையில் கயிறு பிடிப்பவர் நூலறிந்தவர். குடியிருக்கப் போகிறவர் கயிற்றைத் தொடுவதில்லை. நமக்கு வேண்டியது அவரும் ஒரு முனையைப் பிடிப்பது.

இந்த ஊரிலேயே அப்படி நடந்திருக்கிறது. கண்டியில் 1918இல் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, 1950களில் வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, அங்கே வரப்போகும் குடும்பங்களுக்குக் கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்கிறீர்கள், என்ன வேண்டும் என்று கேட்டார். பல இனத்து அரச ஊழியர்கள் அவர்கள். பதில்களை வைத்து வரைந்தார். இன்று 'பங்கேற்பு' என்று நாம் புதிதாகச் சொல்வதை அவர் அன்றே செய்தார். சொல்லில் அந்தக் கேட்டல் இருக்க வேண்டும்.

பண்டாரவளை, சமூகப் பணியாளர்:

அக்கா சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் புதுவீடு கட்டினார்கள். 7 பேர்ச் காணி, தனி வீடு, 10க்கு 12 அடி லயக் காம்பராவில் (ஒற்றை அறையில்) பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பெரிய விசயம். ஆனால் குசினியை மேற்கே வைத்துவிட்டார்கள். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தொடங்கியதும் அடுப்புப் புகை அப்படியே வீட்டுக்குள். ஓர் அம்மா என்னைக் கூட்டிப்போய், கவ்வாத்தில் வெட்டிய தேயிலை மிலாறுக் குச்சிகளை முறித்து முற்றத்து மண்ணில் அடுக்கினார். நீளக் குச்சி சுவர். இரண்டாக முறித்தது கதவு. இஸ்தோப்புக்கு (முன் திண்ணைக்கு) ஒரு தகரத் துண்டு. குசினியைத் தூக்கிக் கிழக்கே வைத்தார். "காத்து இங்கிட்டிருந்து வருது தம்பி. வாசல இப்படித் திருப்பிட்டா பொகை வெளிய போயிரும். கட்டுறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." இரண்டு நிமிட வேலை.

மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, எந்தச் சரிவில் கட்டலாம் என்பதும் உயிர்ப் பிரச்சினை. நீரூற்று எங்கே திடீரென்று கிளம்புகிறது, எந்தச் சுவர் வெடிக்கிறது என்பது அங்கே இருப்பவருக்கு முதலில் தெரியும்.

அந்த அம்மா செய்தது வரைதல்தான். 'கூடிவரைதல்' என்று வைப்போமா?

மாத்தளை, வாசகர்:

வரைவு என்றால் அகத்திணையில் திருமணம். 'வரைவு கடாதல்' துறை எதற்கு? தலைவனை மணம் செய்யச் சொல்லி வற்புறுத்தத்தான். குறளில் மணமில்லாப் பெண்களைச் சொல்லும் 'வரைவின் மகளிர்' அதிகாரத்தையும் நினைத்துப் பாருங்கள்.

பதுளை:

வரையை அவ்வளவு சீக்கிரம் கைவிடாதீர்கள். வரை என்றால் கோடு, எல்லை, மலையும்கூட. மலைநாட்டு நிகழ்ச்சிக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. இன்னொன்று பாருங்கள், 'லயம்' ஆங்கில 'லைன்' திரிந்தது, அதுவும் கோடுதான். குதிரை லாயத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு, நான் அதை ஏற்பதில்லை. வெள்ளைக்காரன் போட்ட கோட்டுக்குள் இருந்தவர்கள் இப்போது தாங்களே கோடு போடுகிறார்கள். வேர் பிடித்திருக்கிறது. ஆனாலும் சொல்லாக மனைவகுப்பே சிறந்தது.

ஹட்டன்:

'வீட்டுப் பெரட்டு' என்று ஒரு நண்பர் தனியே எழுதினார். எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் பெரட்டில் ஒருவர் ஆணையிடுவார், மற்றவர் போவார். அதனால் சேர்க்கவில்லை.

நுவரெலியா:

'ஷரெட்' என்றே விடலாமே? 1958இல் சர்வோதய இயக்கம் தொடங்கிய காலத்திலிருந்து, ஊர் கூடிச் சம்பளமில்லாமல் உழைக்கும் 'சிரமதானம்' நம் வாயில் வருகிறது. சிரமம் எந்த மொழி, தானம் எந்த மொழி என்று கேட்டா மண்வெட்டியை எடுத்தோம்?

பண்டாரவளை:

டீச்சர், சிரமதானத்தை நாம் செய்து செய்து பழகினோம். இதை ஒருவரும் இன்னும் செய்யவில்லை. பெயரைக் கேட்டதும் 'ஓ, நானும் வரையலாம்' என்று தெரிய வேண்டும்.

ஹட்டன், வெள்ளி காலை:

ஐந்து பேர் 'கூடிவரைதல்'. இருவர் 'மனைவகுப்பு'. ஒருவர் 'ஷரெட்'. 'கூடிவரைதல்' என்று அனுப்பிவிட்டேன். கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'உங்கள் வீட்டை நீங்களும் சேர்ந்து வரையும் மூன்று நாள்.' பண்டாரவளைத் தம்பி, அந்த அம்மா வருகிறார் என்றால் மேசை போதாது. தரையில் இடம் ஒதுக்கச் சொல்கிறேன். மிலாறு ஒரு கட்டு வேண்டும்.

பதுளை:

போனது போகட்டும் தம்பி. ஆனால் அதை நடத்துபவரை என்ன சொல்வீர்கள், 'கூடிவரைவிப்பவர்' என்றா? மனைவகுப்பு என்றால் 'வகுப்பாளர்' என்று தானாக வரும். அடுத்த அறிவித்தலுக்கு முன் இதை மறுபடி எடுக்க வேண்டும். 'வகு' பற்றி இன்னும் எழுத இருக்கிறது, ஞாயிறு அனுப்புகிறேன்.