பொருள்: சிலை நிதி – வாசகசாலைக் கூரை – வ.உ.சி. கேட்ட கணக்கு

மேலத்தெரு, மஸ்கட்டிலிருந்து:

பெரியவர்களுக்கு வணக்கம்.

ஊர்ச் சங்கச் செயலாளர் மாமா போன வாரம் போட்ட மடலைப் படித்தேன். வாசகசாலைக்கு முன்னால் வ.உ.சி.க்கு வெண்கலச் சிலை. உள்ளூரில் வீட்டுக்கு ஐயாயிரம், வெளிநாட்டில் இருப்பவர்கள் தலைக்கு ஐம்பதாயிரம். சிலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால், கோவில் மணி விஷயத்தில் நடந்த மாதிரி, நான் சொல்லாததையெல்லாம் சொன்னதாக டீக்கடையில் பேச்சு ஓடும்.

மைனி கோவில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தார். அப்படியே வாசகசாலைக்குள் எட்டிப் பார்த்துப் படம் அனுப்பினார். வடக்குப் பக்கம் ஓடு சரிந்து ரீப்பர் கட்டை தெரிகிறது. அதற்கு நேர் கீழே பீரோ. பைண்டு செய்த புத்தகங்களெல்லாம் மழைத் தண்ணீர் குடித்து உப்பிப்போய், பீரோக் கதவைச் சாத்த முடியாமல் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள். சுவரோரம் நாம் பணம் போட்டு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர்கள். இரண்டு பெட்டியைப் பிரிக்கவே இல்லை. தெர்மோகோல் கூட அப்படியே இருக்கிறது. மூன்றாவது எங்கே என்று மைனி கேட்டதற்கு, ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றார்களாம். எந்தக் கடைக்கு, எப்போது போனது என்று சொல்ல ஆள் இல்லை.

இதை மாமாவுக்குத் தனி மடலில்தான் கேட்டேன். பதில் குழுவுக்கே வந்தது: கப்பலோட்டிய தமிழனுக்குச் சிலை வைக்கிற இடத்தில் கணக்குப்பிள்ளை வேலை எதற்கு என்று.

வ.உ.சி. யார் என்று நினைத்துக்கொண்டு இப்படி எழுதுகிறார்கள்? அவர் வக்கீல். வக்கீல் வீட்டுப் பிள்ளையும்கூட. 1872 செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தாலுகா ஆபீஸில் கொஞ்ச காலம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, அப்புறம் திருச்சியில் சட்டம் படித்து ஊரிலேயே தொழில் தொடங்கினார். இல்லாதவர்களிடம் பீஸ் வாங்காமல் வாதாடினார். போலீஸ் போட்ட கேஸ்களை அவர் உடைக்க உடைக்க, அவர்களோடு பகை முற்றியது. 1900இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். கொழும்புக்குப் போகிற ஆளும் சரக்கும் பிரிட்டிஷ் இந்தியா என்கிற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியை விட்டால் வேறு வழியில்லாமல் கிடந்த காலம் அது. நீராவிக் கப்பல்தான் அன்றைக்குப் பெரிய டெக்னாலஜி. இன்று நம்ம பிள்ளைகள் ஸ்டார்ட்அப் என்று சொல்லிக்கொண்டு அலைவதை அவர் முப்பத்து நாலு வயதில் செய்தார்.

1906 அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தரே 8,000 பங்கு எடுத்தார், அதாவது 2 லட்சம். வ.உ.சி. துணைச் செயலாளர்.

சுதேசி வேகம் ஏறியிருந்த நேரம். மேடை போட்டு உண்டியல் குலுக்கியிருந்தால் ஜனங்கள் அள்ளிக் கொடுத்திருப்பார்கள். அவர் அதை விட்டுவிட்டுக் கம்பெனிச் சட்டப்படி பதிவு செய்து பங்கு விற்றார். பங்கு வாங்கியவன் நாளைக்கு வந்து, என் 25 ரூபாய் என்ன ஆயிற்று என்று கேட்பான் என்பது ஒரு வக்கீலுக்குத் தெரியாதா? தெரிந்துதான் விற்றார். அந்தப் பணத்தில்தான் காலியா, லாவோ என்று இரண்டு கப்பல் வந்தது. ஒவ்வொன்றிலும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் போகலாம். சரக்கு 4,000 மூட்டை ஏற்றலாம். பணம் எங்கே போனது என்று கேட்டவனுக்குத் துறைமுகத்தைக் காட்டினால் போதும்.

இன்னொரு விஷயம், நம்மைப் போல் கடல் தாண்டிப் போனவர்கள் சம்பந்தப்பட்டது. 1908 ஜூலையில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். மேல் கோர்ட்டில் குறைந்தாலும், கோவையிலும் கண்ணனூரிலும் சிறையில் கிடந்தார். செக்கிழுத்தது எல்லாருக்கும் தெரியும். 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911லேயே கலைத்துவிட்டார்கள். சன்னதும், அதாவது வக்கீல் தொழில் செய்கிற உரிமமும், பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு கஷ்டப்பட்டார். தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்ம ஆட்கள் அவருக்கென்று பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். 1915இல் காந்தி இந்தியா திரும்பினார். வ.உ.சி. அந்தப் பணத்தைக் கேட்டு அவருக்குக் கடிதம் எழுதினார். ஒரு கடிதத்தோடு முடியவில்லை, மாறி மாறிப் போய் வந்தது. கடைசியில் 1916 தொடக்கத்தில் பணம் கைக்கு வந்தது: 347 ரூபாய் 12 அணா.

அந்த 12 அணாவைக் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு பக்கமும் அணா சுத்தமாகப் பேசியிருக்கிறார்கள். காந்தியிடமே கேட்டார், கேட்டதால் அவர் மரியாதையும் குறையவில்லை, காந்தி மரியாதையும் குறையவில்லை. நம்ம செயலாளர் மாமாவுக்கு மட்டும் எங்கிருந்து குறைகிறது?

கம்ப்யூட்டர் வாங்கிய பில், சங்கப் பாஸ்புக் நகல், கூரைக்கு ஒரு கொத்தனார் எஸ்டிமேட். இவை வந்தால் மறுநாளே என் பணம் வரும்.

– சு.


நடுத்தெரு, நியூஜெர்சியிலிருந்து:

தம்பி,

நீளமாக எழுதிவிட்டால் நியாயம் உன் பக்கம் வந்துவிடாது. 1908 மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யைப் பிடித்தார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நாலு உயிர் போச்சு. அவர்கள் யாரும் பில்லைக் காட்டு என்று கேட்டுவிட்டுத் தெருவில் இறங்கவில்லை. அந்தச் சீமையில் பிறந்துவிட்டு நீ பாஸ்புக் நகல் கேட்கிறாய்.

கம்பெனி எதனால் நொடித்தது? கணக்கு எழுதாததாலா? வெள்ளைக்காரன் டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கினான். இவர் எட்டணாவாக்கினார். அவன், சும்மாவே ஏறு, கையில் குடையும் தருகிறேன் என்றான். குடைக்கு ஆசைப்பட்டு ஏறினவன் அன்றைக்கும் இருந்தான், இன்றைக்கும் இருக்கிறான். யாரைச் சொல்கிறேன் என்று படிக்கிறவர்களுக்குப் புரியும்.

பக்கத்து ஊர்களில் முக்குக்கு முக்கு சிலை நிற்கிறது. நம்ம ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஒரு டிரான்ஸ்பார்மரும் உரக்கடை போர்டும்தான். என் பையனைக் கூட்டிக்கொண்டு வந்து இதுதான் நம்ம ஊர் என்று காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஓடு மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது?

கடைசியாக ஒன்று. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காமல் நீங்கள் நின்றபோது சங்கக் கட்டடத்தைத் திறந்துவிட்டது யார்? அன்றைக்கு ரசீது கேட்டாயா? கம்ப்யூட்டரைச் சாக்காக வைத்து என் மச்சினனை இழுக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா?


தெற்குத்தெரு, சிங்கப்பூரிலிருந்து:

இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள்.

எங்க ஆச்சியைப் பெற்றவள் பாம்படத்தைக் கழற்றிக் கொடுத்து அந்தக் கம்பெனியில் ஒரு பங்கு வாங்கினாள் என்று ஆச்சி சொல்லிச் சொல்லித்தான் நான் வளர்ந்தேன். பத்திரத்தைத் தட்டுப்பந்தலில் தகரப் பெட்டிக்குள் வைத்து, கரையான் தின்றுவிட்டதாம். நெசமோ பொய்யோ, காது வடித்த அந்தக் கிழவிக்குக் கப்பலில் பங்கு இருந்தது என்கிற கெத்து ஆச்சி சாகிற வரைக்கும் குறையவில்லை. பணம் திரும்பி வரவில்லையே என்று கேட்டால், "கப்பல் வந்துச்சுல்லா, போ" என்பாள்.

வாசகசாலை வாத்தியாரை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? சாயங்காலம் பெஞ்சுகளை வெளியே இழுத்துப் போட்டு, திருநெல்வேலி வானொலியை வைத்துவிட்டு, பேப்பரை நாலாகப் பிரித்து ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பார். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு உள்ளே வரக் கூச்சம் என்று ஜன்னல் வழியாகப் புத்தகம் நீட்டுவார். வாலிஸ் என்கிற வெள்ளைக்கார நீதிபதி வ.உ.சி.க்கு சன்னதைத் திரும்பக் கொடுத்ததையும், அந்த நன்றிக்கு இவர் தன் மகனுக்கு வாலீஸ்வரன் என்று பெயர் வைத்ததையும் அந்த ஜன்னலில் நின்றுதான் கேட்டேன். சிறையில் தள்ளினவனும் வெள்ளைக்காரன், வேலையைத் திருப்பிக் கொடுத்தவனும் வெள்ளைக்காரன். அவர் ஆளைப் பிரித்துப் பார்த்தார் என்பார் வாத்தியார். அந்த ஜன்னல்தான் இப்போது மைனி அனுப்பின படத்தில் ஒரு கதவில்லாமல் நிற்கிறது.

அண்ணாச்சி, நடுத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் பேச்சு நின்றது கம்ப்யூட்டராலும் இல்லை, கல்யாண மண்டபத்தாலும் இல்லை, வாய்க்கால் வரப்பால்தான். அதை வ.உ.சி. தலையில் ஏற்றாதீர்கள். பாவம், அவர் 1936 நவம்பரில் கண்ணை மூடுகிற வரைக்கும் பட்ட கடன் போதும்.

ஓடு மாற்றுகிற செலவில் பாதி என்னுடையது. கூரை முடியட்டும், சிலையை அப்புறம் பேசுவோம். ஆனால் ஒன்று, பணத்தைச் சங்கத்துக்கு அனுப்ப மாட்டேன், நேராகக் கொத்தனாருக்குத்தான்.


மேலத்தெரு, மஸ்கட்டிலிருந்து:

நியூஜெர்சி அண்ணாச்சிக்கு: அந்த நாலு பேரும் பில் கேட்கவில்லை, உண்மை. அவர்கள் பெயரில் யாரும் தலைக்கு ஐம்பதாயிரம் வசூலிக்கவும் இல்லை. குடை பற்றி எழுதியதற்குப் பதில் சொல்ல மாட்டேன். எங்க அப்பா வாசகசாலைக்கு விட்டுக்கொடுத்த மூன்று சென்ட் நிலம் யாருடையது என்று பத்திரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மச்சினன் பெயரை நான் எங்கேயும் எழுதவில்லை, முதலில் எழுதியது நீங்கள்தான். மண்டப வாடகைக்கு ரசீது இருக்கிறது, ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். எண்ணூறு ரூபாய், கரண்ட் தனி. கையெழுத்து உங்கள் மச்சினனுடையது.

சிங்கப்பூர் அக்காவுக்கு: மீதிப் பாதி நான் போடுகிறேன். கொத்தனார் நம்பர் மைனியிடம் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் வடக்குப் பக்கமாவது முடிய வேண்டும். பழைய ஓட்டில் உடையாததைத் தனியாக அடுக்கி எண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

– சு.