துருவ ஒளி காண அம்மாவை அழைத்துச் செல்ல வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் அம்மா, பச்சைச் சுண்ணக்கட்டியைக் கரும்பலகையில் படுக்கைவாக்கில் தேய்த்து, அதை விரலால் மேல்நோக்கி இழுத்துவிட்டுத் துருவப் பகுதிகளின் இரவு வானில் தோன்றும் வண்ண ஒளியான துருவ ஒளியை மாணவர்களுக்குக் காட்டிய காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. 68 வயதாகும் அவருக்கு, வரும் மார்ச் மாதம் அமாவாசையை ஒட்டிய நாட்களில், அதை நேரில் காட்ட விரும்புகிறேன்.

நார்வேயின் டிராம்சோ நகரில், வெப்ப நீரோட்டத்தால் குளிர் சற்றுக் குறைவு என்றாலும், கடலோரம் என்பதால் மேகம் அடிக்கடி வானத்தை மூடிவிடும். சுவீடனின் அபிஸ்கோவிலோ, மேற்கிலுள்ள மலைகள் மேகங்களைத் தடுப்பதால் வானம் தெளிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் குளிர் கடுமை. எனக்கு அபிஸ்கோவே சரியெனப் படுகிறது.

டிராம்சோவில் இறங்கி அபிஸ்கோ செல்வதானால், டிராம்சோவுக்கு ரயில் பாதை இல்லாததால், அங்கிருந்து நார்விக் நகர் வரை பேருந்திலும் பின்னர் ரயிலிலும் செல்ல வேண்டும். மூட்டுவலி உள்ள அவரால் இதைத் தாங்க முடியுமா? உறைபனியில் வழுக்காமலிருக்கக் காலணியில் மாட்டும் முள்பட்டை அங்கேயே கிடைக்குமா? நள்ளிரவில் வெளியே காத்திருக்க எத்தகைய உடைகள் தேவை? முதியவர்களுடன் சென்று வந்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.